தேர் ஓடும், கடை நடக்கும்: 'ரன்' என்ற சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்?

அண்ணாவின் மகள் இந்த முறை சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். பின்னேரங்களில் ஆங்கிலக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவாள். கொப்பியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் அடிமட்டம் வைத்து ஒரு கோடு கீறியிருக்கிறாள். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். ஒரு சொல்லுக்கு ஒரு வரி, ஒரு வரிக்கு ஒரு பொருள்.

போன கிழமை வந்த பாடத்தில் ஒரு வசனம்: 'மை அங்கிள் ரன்ஸ் எ ஷொப் இன் சுன்னாகம்.' அவள் எழுதியிருந்த மொழிபெயர்ப்பு: 'எனது மாமா சுன்னாகத்தில் ஒரு கடை ஓடுகிறார்.' எழுதிவிட்டு, அவளுக்கே பிடிக்காமல், 'ஓடுகிறார்' என்பதற்குக் கீழே பென்சிலால் நெளிகோடு போட்டிருந்தாள்.

"மாமி, இவர் கடைக்குள்ளை ஓடித் திரியிறாரோ?"

"இல்லைப் பிள்ளை. கடை நடத்துறார்."

"அப்ப ஏன் ரன் எண்டு போட்டிருக்கு? ரன் எண்டா ஓடுறதுதானே?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. ரன் என்றால் ஓடுதல், சரி. ஆனால் அது அந்தச் சொல்லின் பல பொருள்களில் ஒன்று. ஒக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் புதிய பதிப்புக்காக இந்த வினைச்சொல்லைத் திருத்தி எழுதியவர் பீட்டர் கிலிவர் என்ற அகராதியாளர். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அவருக்கு ஏறத்தாழ 9 மாதம் பிடித்தது. வேலை முடிந்தபோது வினையாக மட்டும் 645 பொருள்களைப் பிரித்து எழுதியிருந்தார். அதற்கு முன், 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில், 'செட்' என்ற சொல்தான் ஏறத்தாழ 430 பொருள்களோடு முன்னுக்கு நின்றது.

645 என்றதும் பிள்ளையின் முகம் வாடிவிட்டது. வாட வேண்டியதில்லை. அந்த எண்ணிக்கை சொல்லுக்குள் இருந்து எண்ணி எடுக்கப்பட்டதல்ல. அகராதி எழுதுகிறவர் பொருளை எவ்வளவு சிறிதாக நறுக்குகிறாரோ, அவ்வளவு கூடும். ஒரே பலாப்பழத்தை ஒருவர் பத்துத் துண்டாக வெட்டுவார், இன்னொருவர் சுளை சுளையாக எடுத்து வைப்பார். பழம் ஒன்றுதான். சின்ன அகராதி ஒன்றை எடுத்தால் அதே ரன்னுக்குச் சில பத்துப் பொருள்கள்தான் இருக்கும். பேசுகிற ஆங்கிலேயர் எவரும் இதில் எதையும் எண்ணி மனப்பாடம் செய்து வைத்திருப்பதில்லை.

எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்றால், நாங்கள் எங்கள் சொற்களை விளங்கிக்கொள்கிற மாதிரித்தான். 'வடிவு' என்ற சொல்லை எடுங்கள். "அந்தப் பிள்ளை நல்ல வடிவு" என்றால் அழகு. "வடிவாப் பார்" என்றால் கவனமாகப் பார். "எனக்கு வடிவாத் தெரியாது" என்றால் சரியாகத் தெரியாது. "வடிவாச் சாப்பிடுங்கோ" என்றால் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த நாலு வயதுக் குழந்தைக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. சென்னையில் இருந்து வருகிறவருக்கு "வடிவாக் கேளுங்கோ" என்பது முதலில் திகைப்பாகத்தான் இருக்கும். ஆனால் கொஞ்சம் யோசித்தால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே வேர் தெரியும். வடிவம் என்பது ஒரு பொருளுக்கு உரிய உருவம். உருவம் சரியாக அமைந்தால் அழகு. ஒரு காரியம் அதற்குரிய உருவத்தோடு, குறையில்லாமல் நடந்தால் அதுவும் வடிவு. ஒரு வேரில் இருந்து கிளை விட்ட பொருள்கள் இவை.

இதையும் இன்னொன்றையும் குழப்பக் கூடாது. வீட்டுக் கூரையில் இருக்கிற ஓடும், பந்தயத்தில் ஓடு என்கிற ஓடும் ஒலியில் ஒன்று, உறவில் ஒன்றுமில்லை. வழுக்கையாறு என்பதில் உள்ள ஆறும், எண்ணில் வரும் ஆறும், "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்பதில் உள்ள ஆறும் அப்படித்தான். ஆங்கிலத்தில் 'பற்' என்றால் வௌவாலும் கிரிக்கெட் மட்டையும். இவை தற்செயலாக ஒரே சட்டை போட்டுக்கொண்டு வந்த அந்நியர்கள். ரன்னின் பொருள்களோ அந்நியர்கள் அல்ல, ஒரே குடும்பம். குடும்பம் என்றால் மூத்தவரைப் பிடித்தால் மற்றவர்களை அடையாளம் காணலாம்.

மூத்தவர் யார்? கால்களால் வேகமாக, நிற்காமல் ஒரு திசையில் போவது. இதில் 'நிற்காமல் போவது' என்ற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால், கால் இல்லாதவையும் ஓடலாம். தண்ணீர் ஓடும். இரத்தம் ஓடும். தடிமன் பிடித்தால் மூக்காலும் ஓடும். இதுவரை ஆங்கிலமும் தமிழும் கையைக் கோத்துக்கொண்டு போகின்றன. வாய்க்காலில் இறைத்த தண்ணீர் மிளகாய்ப் பாத்திக்கு ஓடுவதற்கு ஆங்கிலத்திலும் ரன்தான்.

அடுத்தது வாகனமும் இயந்திரமும். யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கியது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு ஓடுவது நின்றது. 2014 ஒக்ரோபரில் திரும்பவும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது. 'யாழ்தேவி இப்ப ஓடுது' என்று அந்த நாள்களில் ஆளுக்காள் சொல்லிக்கொண்டோம். அப்படிச் சொன்ன நேரத்தில் கோச்சி தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்பதில்லை. அது நிலையத்தில் சும்மா நின்றிருக்கலாம். 'ஓடுது' என்பதற்கு அங்கே சேவை நடக்கிறது என்பதுதான் பொருள். ஆங்கிலத்தில் 'த ட்ரெய்ன் ரன்ஸ் டெய்லி' என்பதும் அதேதான். கால் ஓடியது, சக்கரம் ஓடியது, பிறகு சக்கரம் நின்றபோதும் 'ஓடுது' என்ற சொல் நிற்கவில்லை. பொருள் இப்படித்தான் ஒவ்வொரு அடியாக நகர்கிறது. ஒவ்வொரு அடியும் சின்னது. முதல் அடியையும் கடைசி அடியையும் மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால்தான் எங்களுக்குத் திகைக்கிறது.

திரையரங்கில் படம் ஓடுகிறது என்கிறோம். நல்லூரில் 25 நாள் திருவிழாவின் 24ஆம் நாள் தேரோட்டம். புதுத் தேர் செய்தால் முதலில் வெள்ளோட்டம் விடுவார்கள். இந்த வெள்ளோட்டம் என்ற சொல்லை நான் மிகவும் நேசிக்கிறேன். ஏனென்றால் ஆங்கிலத்தில் இதற்குச் சொல்வது 'ட்ரயல் ரன்.' ஒருவரை ஒருவர் கேளாமலே இரண்டு மொழிகளும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. வடக்கின் பெருஞ்சமர் என்று யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் ஆடிவருகிற கிரிக்கெட்டில் எடுக்கிற ரன்னையும் செய்தித்தாள்கள் 'ஓட்டம்' என்றே எழுதுகின்றன.

சரி, அப்புறம் கடைக்கு வருவோம். இங்கேதான் இரண்டு மொழிகளும் பிரிகின்றன, பிரிகிற இடமே விஷயத்தின் சுவை.

தமிழில் தானாகச் செய்வதற்கு ஒரு வினை, செய்விப்பதற்கு இன்னொரு வினை உண்டு. ஓடு, ஓட்டு. நட, நடத்து. ஆடு, ஆட்டு. உருள், உருட்டு. குதிரை ஓடும், மனிதன் குதிரையை ஓட்டுவான். ஆங்கிலத்தில் ரன்னுக்கு இப்படி இரண்டு உருவம் இல்லை. குதிரை ஓடினாலும் ரன், குதிரையை ஓட்டினாலும் ரன். பழைய ஆங்கிலத்தில் ஓடுவதற்கு ஒரு வினையும் ஓட்டுவதற்கு ஒரு வினையும் தனித்தனியாக இருந்தன. காலப்போக்கில் இரண்டும் ஒன்றாகக் கலந்து, மிஞ்சிய ஒரு சொல்லே இரண்டு பாரத்தையும் சுமக்கிறது. ஆகவே இயந்திரம் ஓடினால் ரன், இயந்திரத்தை ஓட்டினாலும் ரன். இயந்திரத்தை ஓட்டலாம் என்றால் ஆலையை ஓட்டலாம். ஆலையை ஓட்டலாம் என்றால் கடையை, பள்ளிக்கூடத்தை, ஒரு நாட்டையே ஓட்டலாம். இயந்திரங்கள் பெருகப் பெருக இந்தச் சொல்லுக்கும் வேலை பெருகியது.

நாங்களோ அதே காரியத்துக்கு 'நட'வை எடுத்தோம். கடை நடத்துகிறோம், பள்ளிக்கூடம் நடத்துகிறோம், கல்யாணத்தை நடத்தி வைக்கிறோம். ஆங்கிலம் கடையை ஓட வைக்கிறது, தமிழ் கடையை நடக்க வைக்கிறது. இரண்டும் காலில் இருந்து பிறந்த சொற்களே. இதைச் சொன்னதும் பிள்ளை வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சுன்னாகத்து மாமாவைப் பற்றிய வசனத்தை அவளே திருத்தி எழுதினாள்.

இன்னொன்றையும் அவளுக்குக் காட்டினேன். தமிழ்நாட்டில் 'கார் ஓட்டுகிறார்' என்பார்கள். நாங்கள் "கார் ஓடுறார்", "சைக்கிள் ஓடத் தெரியுமோ?" என்கிறோம். அதாவது ஓட்டுவதையும் ஓடு என்றே சொல்கிறோம். ஆங்கிலத்தில் நடந்த அதே கலப்பு, எங்கள் வீட்டு முற்றத்தில், எங்கள் வாயாலேயே நடக்கிறது. இதைப் பிழை என்று திருத்த வருகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது எங்கள் ஊரின் வழக்கு. அங்கே பொருள் மயக்கமும் இல்லை, "சைக்கிள் ஓடுறாள்" என்றால் சைக்கிளாகவே மாறி ஓடுகிறாள் என்று எவரும் நினைப்பதில்லை.

ஏன் நினைப்பதில்லை? இந்தக் கேள்வியைத் தொல்காப்பியம் நேராகவே எடுத்துப் பேசியிருக்கிறது. சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில் 'பலபொருள் ஒருசொல்' என்று இதற்குப் பெயர் வைத்து, அதன் பொருளை எப்படித் தெரிந்துகொள்வது என்று மூன்று திறப்புகள் தருகிறது: வினை, இனம், சார்பு. உரைகளில் 'மா' என்ற சொல்லை வைத்து விளக்குவார்கள். மா என்றால் மாமரமும் ஆகும், குதிரையும் ஆகும். 'மா பூத்தது' என்றால் மரம். பூத்தது என்ற வினை காட்டிக்கொடுத்துவிட்டது. 'மாவும் மருதும் ஓங்கின' என்றாலும் மரம். பக்கத்தில் மருது என்ற இனம் நிற்கிறது. கவசம் அணிந்து நிற்கிற வீரன் 'மா கொண்டு வா' என்றால் குதிரை. அவன் நிற்கிற நிலைதான் அங்கே சார்பு. இந்தச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு 1868இல் அச்சில் கொண்டுவந்தவர் எங்கள் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானவர். தமிழ் இலக்கணத்தையும் ஆங்கிலத்தையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கிற வழி இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

அந்தத் திறப்புகளை ரன்னில் போட்டுப் பாருங்கள். இங்கே ரன்னே வினையாக இருப்பதால், முதலில் பார்க்க வேண்டியது அதன் இரு பக்கத்திலும் நிற்கிற பெயர்களை. எது ஓடுகிறது? எதை ஓட்டுகிறார்? பிள்ளை ஓடினால் கால். பைப் ஓடினால் தண்ணீர். வீதி ஓடினால்? கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ9 வீதியை ஆங்கிலத்தில் 'ரன்ஸ் ஃப்ரம் கண்டி டு ஜஃப்னா' என்பார்கள். வீதி 321 கிலோமீற்றரும் அசையாமல் கிடக்கிறது, அதன் மேல் போகிற கண்தான் ஓடுகிறது. நாங்களும் 'இந்த றோட்டு எங்கை போகுது?' என்று கேட்கிறோம். றோட்டு எங்கேயும் போகாது என்று யாரும் பதில் சொல்வதில்லை.

கண் ஓடுவது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. திருக்குறளின் 58ஆம் அதிகாரம் கண்ணோட்டம். அங்கே அதற்குப் பொருள் இரக்கம், பழகியவர் மேல் கண் ஓடி மனம் இளகுவது. இன்றைக்குக் கண்ணோட்டம் என்றால் ஒரு விஷயத்தைப் பார்க்கிற கோணம். 'உங்கள் கண்ணோட்டத்தில் இது சரியா?' என்று கேட்கிறவர் இரக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. சொற்கள் காலத்தோடு சேர்ந்து நகர்கின்றன, எங்களுடையவையும்.

தேர்தல் வந்தால் இன்னும் நல்லது. அமெரிக்கர் தேர்தலில் 'ரன்' பண்ணுகிறார், அதாவது ஓடுகிறார். பிரித்தானியர் அதே காரியத்துக்கு 'ஸ்டாண்ட்' என்பார், நிற்கிறார். தமிழரும் நிற்கிறார். யாழ்ப்பாணத்தில் நிற்பதோடு கேட்கவும் செய்கிறோம்: "அவர் இந்த முறை எலக்சன் கேக்கிறாராம்." காரியம் ஒன்று, ஒருவர் ஓடுகிறார், ஒருவர் நிற்கிறார், ஒருவர் கேட்கிறார். பொருளைச் சொல்லுக்குச் சொல் மாற்றி எழுத முடியாது என்பதை விளக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

காய்ச்சலுக்கும் ஆங்கிலம் ரன் பாவிக்கும், 'ரன்னிங் எ டெம்பரேச்சர்' என்று. நாங்கள் "பிள்ளைக்குக் காய்ச்சல் காயுது" என்போம். துணியில் நிறம் கரைந்து பரவினால் அங்கே ரன், இங்கே சாயம் போகுது. ஒரு குணம் பரம்பரையாக வந்தால் 'ரன்ஸ் இன் த ஃபமிலி', இங்கே அது இரத்தத்தில் ஊறினது. இப்படியே போகலாம்.

மாணவர்களுக்கு உண்மையில் கால் தடுக்குகிற இடம் வேறு. ரன்னுக்குப் பின்னால் ஒரு குட்டிச் சொல் வந்து ஒட்டிக்கொள்ளும்போதுதான். அவுட், இன்ரூ, ஓவர், அவே. 2022இல் பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாள்கணக்காக வரிசையில் நின்றோமே, அந்த நிலைக்கு ஆங்கிலத்தில் 'ரன் அவுட்'. எரிபொருள் முடிந்துபோனது. வெளியே ஓடிவிட்டது என்று எழுதினால் புள்ளி கிடைக்காது. ஆனால் அந்தப் படத்தை மனதில் வைத்திருக்கலாம்: பாத்திரத்தில் இருந்தது முழுக்க ஒழுகி வெளியேறி, உள்ளே ஒன்றும் இல்லை. 'ரன் இன்ரூ' என்றால் வாகனம் போய் மோதுவதும் ஆகும், சந்தையில் பழைய சிநேகிதியை எதிர்பாராமல் காண்பதும் ஆகும். வாகனமா சிநேகிதியா என்று பார்த்தால் போதும். 'ரன் ஓவர்' என்றால் வாகனம் மேலே ஏறிப்போவது. வகுப்பு நேரம் கடந்து நீண்டாலும் அதுவே.

குட்டிச் சொல் பொருளை மாற்றுவது எங்களுக்குப் பழக்கமில்லாத விஷயமல்ல. தமிழில் குட்டிச் சொல்லின் இடத்தில் இன்னொரு வினை நிற்கும். "ஓடி வா" என்றால் கெதியாக வா. "ஓடிப்போனாள்" என்றால், வீட்டுக்குத் தெரியாமல் ஒருவரோடு போய்விட்டாள் என்று ஊரே விளங்கிக்கொள்ளும். "அரிசி முடிஞ்சு போச்சு" என்பதில் உள்ள 'போச்சு' எங்கேயும் போகவில்லை. இதைத் தினமும் பேசுகிற பிள்ளைக்கு 'ரன் அவுட்' விளங்காமல் போகாது. இரண்டும் ஒரே மாதிரியான வேலை என்று ஒருவர் காட்டிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வியும் கேட்டாள். ஏன் ரன், செட், கெட், டேக் மாதிரிக் குட்டிச் சொற்களுக்கு மட்டும் இத்தனை பொருள்? நீட்டுச் சொற்களுக்கு ஏன் இல்லை? ஜோர்ஜ் சிஃப் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1945இலேயே இதைக் கவனித்து எழுதினார்: ஒரு சொல் எவ்வளவு அடிக்கடி பாவிக்கப்படுகிறதோ, அதற்கு அவ்வளவு அதிகம் பொருள் சேர்கிறது. கை பட்ட சாமான்தான் எல்லா வேலைக்கும் எடுபடும். குசினியில் ஒரு கத்தி மட்டும் மரக்கறி வெட்டும், பொதி பிரிக்கும், ரின் மூடியையும் நெம்பும். தமிழிலும் போடு, எடு, பிடி, விடு, அடி என்று பாருங்கள். சட்டை போடு, தேத்தண்ணி போடு, சண்டை போடு, கையெழுத்துப் போடு, மழை பிடிச்சிட்டுது, படம் பிடி, இடம் பிடி. ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கொப்பியின் நடுவில் கோடு கீறி, 'பிடி' என்பதற்கு நேரே ஒரேயொரு சொல்லை எழுதினால் அது என்ன பாடுபடும்!

அந்தக் கோட்டைத்தான் இப்போது மாற்றியிருக்கிறோம். வலப்பக்கத்தில் பொருளை எழுதுவதில்லை. முழு வசனத்தை எழுதுகிறாள், ரன்னின் பக்கத்தில் நிற்கிற சொல்லுக்குக் கீழே சிவப்பால் கோடிடுகிறாள், அதற்குப் பிறகுதான் தமிழ். ஒரு நாளைக்கு மூன்று வசனம், அதற்கு மேல் இல்லை. அகராதி பார்க்கிறபோதும், முதலில் வருகிற பொருளோடு மூடிவிடாமல், உதாரண வசனங்களை வாசித்துத் தன் வசனத்துக்குக் கிட்டியது எது என்று தேடச் சொல்லியிருக்கிறேன். உடுவிலில் இருந்து மிஷன் வேலை பார்த்த மிரன் வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி 1862இல் சென்னையில் அச்சானது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ச் சொற்கள் அதில் இருக்கின்றன. அதில் ஒரு தமிழ் வினைக்கு எதிரே எத்தனை ஆங்கிலச் சொற்கள் அடுக்கியிருக்கின்றன என்று அவளுக்கு ஒரு நாள் காட்ட வேண்டும். அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தாலும் இதே கதைதான்.

நேற்றுப் பின்னேரம், முன்பு பார்த்திராத ஒரு வசனத்தைக் கொடுத்தேன்: 'த வெல் ரன் ட்ரை இன் ஓகஸ்ட்.' இறந்தகாலத்தில் 'ரான்' என்று வர வேண்டும் என்று முதலில் என்னைத் திருத்தினாள், சரிதான். பிறகு பென்சிலின் பின்பக்கத்தால் 'வெல்' என்பதைத் தொட்டாள், 'ட்ரை' என்பதைத் தொட்டாள். கிணற்றடிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"இதிலை ஒண்டும் ஓடேல்லை மாமி. கிணறு வத்திப் போச்சு."